நீக்கலும் சேர்த்தலும்: தமிழ்த் திருச்சபையில் ஒழுக்கத் தவறும் சபை ஒழுங்கும்

விசுவாசியோ ஊழியரோ ஒழுக்கத்தில் தவறும்போது சபை எடுக்கும் நடவடிக்கைக்குச் 'சபை ஒழுங்கு' என்று பெயர். கண்டித்தல், திருவிருந்தை நிறுத்திவைத்தல், பொறுப்பிலிருந்து விலக்குதல், சபையைவிட்டு நீக்குதல், மனந்திரும்பியவரை மறுபடி சேர்த்துக்கொள்ளுதல் ஆகியவை அதில் அடங்கும். தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இந்த ஒழுங்குக்கு ஏறத்தாழ 480 ஆண்டு வரலாறு உண்டு. முத்துக்குளித்துறையில் தொடங்கி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருநெல்வேலி வழியாக, பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்களோடு அது மும்பைப் பகுதியின் தாராவி, செம்பூர், நெருள் வரை வந்திருக்கிறது. எளியவரின் தவறுக்கு விரைந்து தண்டனை கொடுத்த சபை, செல்வாக்குள்ளவரின் தவறுக்கும் ஊரே சேர்ந்து செய்த தவறுக்கும் தயங்கி நின்றதையே இந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

வேத அடிப்படையும் ஆதித் திருச்சபையும்

சபை ஒழுங்கின் முதல் வரைவு மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் உள்ளது. குற்றம் செய்தவரைத் தனியே சந்திப்பது முதற்படி. சாட்சிகளோடு போய்ப் பேசுவது இரண்டாவது படி. சபைக்குத் தெரிவிப்பது மூன்றாவது. கொரிந்துச் சபையில் முறைகேடான உறவில் வாழ்ந்த ஒருவரை நீக்கச் சொன்ன பவுல், இரண்டாம் நிருபத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவரை மன்னித்துத் தேற்றவும் சொல்கிறார். மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டைப் பற்றி 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரம் இரண்டு விதிகளைத் தருகிறது. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்பது ஒன்று; குற்றம் உறுதியானால் எல்லார் முன்பாகவும் கண்டிக்க வேண்டும் என்பது மற்றொன்று. சபைகளில் முதல் விதி எடுத்துக்காட்டப்படும் அளவுக்கு இரண்டாவது விதி எடுத்துக்காட்டப்படுவதில்லை.

கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டெசியஸ் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்டான். பல கிறிஸ்தவர்கள் பலியிட்டனர். வேறு சிலர் பலியிட்டதாகச் சான்றுச்சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டனர். விழுந்தவர்களைத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்றார் ரோமின் நொவாசியன். நீண்ட பாவப்பரிகாரத்துக்குப் பின் சேர்க்கலாம் என்று கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் தலைமையில் 251இல் கூடிய சங்கம் முடிவு செய்தது.

சில ஆண்டுகளில் ஆயர்களே கேள்விக்கு உள்ளானார்கள். ஸ்பெயினில் பசிலிதெஸ், மார்சியாலிஸ் என்ற இரண்டு ஆயர்கள் சான்றுச்சீட்டு வாங்கியது தெரிந்து நீக்கப்பட்டனர். பசிலிதெஸ் ரோமுக்குப் போய், உண்மையை மறைத்து, தமக்குச் சாதகமான முடிவைப் பெற்றுவந்தார். அதைச் சிப்பிரியானும் உடனிருந்த ஆயர்களும் ஏற்கவில்லை. நீக்கப்பட்ட இருவரும் மனந்திரும்பினால் விசுவாசிகளாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆயர் பதவிக்குத் திரும்ப முடியாது என்று எழுதினர். மன்னிப்பு வேறு, பதவி வேறு என்ற வேறுபாடு அன்றே வரையறுக்கப்பட்டுவிட்டது.

314இல் கூடிய ஆர்ல் சங்கமும் இதே வழியில் நின்றது. வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தது அரசுப் பதிவேட்டால் உறுதியாகும் குருமார் பதவி நீக்கப்பட வேண்டும் என்றும், அவர்கள் ஏற்கெனவே அளித்த குருப்பட்டம் செல்லும் என்றும் அது விதித்தது. குருவின் தவறால் திருவருட்சாதனம் பழுதாகாது என்ற கொள்கையைப் பின்னர் அகுஸ்தீன் விரிவாக நிலைநாட்டினார். அக்கொள்கை விசுவாசிகளின் மனச்சாட்சியைக் காக்க எழுந்தது. தவறிய குருவைப் பதவியில் வைத்திருக்க அதைச் சான்றாகக் காட்டுவது அதன் பொருளைத் திரிப்பதாகும். 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கொருமுறை தனி ஒப்புரவைக் கட்டாயமாக்கியது. வெளிப்படையான பாவப்பரிகாரம் படிப்படியாக மறைந்து, பாவம் குருவுக்கும் பாவிக்கும் இடையிலான இரகசியமாயிற்று.

முத்துக்குளித்துறையும் தரங்கம்பாடியும்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற பரதவரிடையே கடுமையான ஒழுங்கை நிறுவினார். சாராயம் குடிக்கும் பெண்களுக்கு ஒரு பணம் அபராதமும் மூன்று நாள் சிறையும் விதிக்குமாறு 1544இல் தம் உடன்பணியாளர் மான்சில்யாஸுக்கு எழுதினார். அதே கடற்கரையில் கொள்ளையடித்த போர்த்துகீசிய அதிகாரிகளைப் பற்றியும் அவர் மனம் நொந்து எழுதினார். ஆனால் அவர்களைச் சிறைவைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் தமிழரோடு நடத்திய உரையாடல்களிலும் இதே முரண் தெரிகிறது. ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியையும் காம ஒழுக்கக்கேட்டையும் சுட்டி, இதுதான் உங்கள் மார்க்கமா என்று தமிழர் கேட்டதை அவரே பதிவு செய்துள்ளார். சபைக்குள் நடக்கும் தவறு சபைக்கு வெளியேயும் சாட்சி சொல்லும் என்பதைத் தமிழ் மண்ணில் எடுத்துச் சொன்னவர்கள் கிறிஸ்தவரல்லாதவர்களே.

கிளாரிந்தா

பாளையங்கோட்டையில் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்த கோகிலா, தஞ்சை மராத்திப் பிராமணக் குலத்து விதவை. லிட்டில்டனிடமிருந்தே கோகிலா கிறிஸ்தவத்தைக் கற்றார். திருமுழுக்குக் கேட்டபோது, மணமின்றி வாழ்வதைக் காரணம் காட்டி மிஷனெரி சுவார்ட்ஸ் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல், சுவார்ட்ஸ் கோகிலாவுக்குக் கிளாரிந்தா என்று பெயரிட்டுத் திருமுழுக்குக் கொடுத்தார்.

1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் உள்ளன, முதற்பெயர் கிளாரிந்தாவுடையது. அவர் முயற்சியால் எழுந்த கோயிலைச் சுவார்ட்ஸ் 1785இல் பிரதிஷ்டை செய்தார். பாளையங்கோட்டை மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றும், அவர் வெட்டிய கிணற்றைப் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றும் அழைத்தனர். திருநெல்வேலித் திருச்சபையின் முதல் ஏடு, ஒருகாலத்தில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்குகிறது. சேர்த்துக்கொள்ளுதல் என்பதற்குத் தமிழ்த் திருச்சபையில் இதைவிட உயர்ந்த சான்று இல்லை. ஆனால் அதே உறவில் பங்குகொண்டு, மணம் முடிக்காமலே விட்டவர் அந்த அதிகாரி. வரலாறு விசாரித்தது பெண்ணை மட்டுமே.

சாதி: ஊரே செய்த பாவம்

19ஆம் நூற்றாண்டுச் சபைகளில் திருவிருந்து நிறுத்தம் பரவலான தண்டனையாக இருந்தது. குடி, சபைக்குப் புறம்பான திருமணம், பழைய வழிபாட்டுக்குத் திரும்புதல் ஆகியவை அதற்குரிய குற்றங்கள். ஒரே கோயிலில் சாதிக்கொரு பாய் விரித்து உட்கார்ந்தது மட்டும் நெடுங்காலம் குற்றமாகக் கருதப்படவில்லை.

1833 ஜூலையில் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே, அடியோடு ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரி, தஞ்சாவூர், திருச்சி சபைகளில் பலர் வெளியேறினர். தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் உள்ளிட்ட வேளாளக் கிறிஸ்தவர்கள் புதிய மிஷனெரிமாரின் போக்கை எதிர்த்தனர். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு சமபந்தியையே சோதனையாக்கியது: தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை எல்லாரோடும் சேர்ந்து உண்ண மறுப்பவர் சபையில் இருக்கத் தகுதியற்றவர் என்றது. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதை ஏற்கவில்லை. சாதி சமூக வழக்கம், காலப்போக்கில் மாறும் என்றது.

கத்தோலிக்கத் தரப்பில் சாதிப் பிரிவினைக்கு வடக்கன்குளம் பெயர் பெற்றது. அங்கே 1872இல் எழுந்த கோயில், பீடத்தருகே சேரும் இரண்டு நீண்ட கூடங்களாக அமைந்தது. வேளாளர் ஒன்றிலும் நாடார் மற்றொன்றிலும் இருந்து ஒரே பலியைக் கண்டனர், ஒருவரையொருவர் காணவில்லை. 1910இல் ஆயர் பார்த் உத்தரவால் இரு தரப்பையும் பிரித்த தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. எதிர்த்துத் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திலும் தோற்றது. எனினும் 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டம் இறையூரில் கத்தோலிக்கரிடையே சாதி மோதல் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. தனியாளின் தவறை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அறிக்கையிடச் செய்யலாம். ஊர்த் தவறை அறிக்கையிட ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

பாதிக்கப்பட்டவர் பக்கம்

20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை சபை ஒழுங்கில் இரண்டு தரப்புகளே இருந்தன: குற்றவாளியும் சபையும். பாதிக்கப்பட்டவர் மூன்றாம் தரப்பாக எண்ணப்படவில்லை. 2002இல் அமெரிக்காவின் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில், சிறுவரிடம் தவறாக நடந்த குருக்களை ஊர்மாற்றி ஊர்மாற்றி மறைத்தது வெளியானபின் இந்தப் பார்வை மாறத் தொடங்கியது. புகார் பெறும் அமைப்பை ஒவ்வொரு மறைமாவட்டமும் ஏற்படுத்த வேண்டும் என்று போப் பிரான்சிஸ் 2019இல் ஆணையிட்டார்.

சீர்திருத்த சபையாரிடையே அதிர்ச்சி தந்தது சென்னையில் பிறந்த ராவி சக்கரியாஸின் வழக்கு. உலகம் அறிந்த விசுவாசக் காப்பாளரான அவர் 2020 மே மாதம் இறந்தார். அவர் உயிரோடிருந்தபோதே எழுந்த புகாரை அவரது ஊழிய நிறுவனம் நம்ப மறுத்தது. அதே நிறுவனம் அமர்த்திய சட்ட நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் பல பெண்களிடம் அவர் முறைகேடாக நடந்ததை உறுதிசெய்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் உண்மை சொன்னவர்கள் அதற்குள் பொய்யராக்கப்பட்டிருந்தனர்.

நாட்டுச் சட்டமும் இப்போது சபைக்குள் நுழைந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைமேல் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மறைப்பவருக்கு ஆறு மாதம் வரையும், தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையும் சிறை உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில் பெண்களின் புகாரைக் கேட்க உள்குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம்.

மும்பைத் தமிழ்ச் சபைகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர். பின்னர் மாட்டுங்கா, செம்பூர், நவி மும்பையின் நெருள் என்று குடியிருப்பு விரிய, சபைகளும் விரிந்தன. ஊர்ச் சபையில் ஊழியர்மேல் புகார் எழுந்தால் சேகரக் கமிட்டி, திருமண்டலம், பேராயர் என்று படிப்படியாகப் போகலாம். வாடகைக் கூடத்தில் ஒரே போதகரை நம்பி நடக்கும் சுதந்திரச் சபையில் அந்தப் படிகள் இல்லை. அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் போதகரின் குடும்பத்தாராகவே இருந்தால், கேள்வி கேட்பவருக்குச் சபையைவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை. அபிஷேகம் பெற்றவரைத் தொடக் கூடாது என்ற வாக்கு அங்கே ஒரு பூட்டாகிறது. அவ்வாக்கு சங்கீதத்தில், அந்நிய அரசர்களின் கையிலிருந்து காக்கப்பட்ட முற்பிதாக்களைப் பற்றியது. ஊழியரின் கணக்கைக் கேட்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. மகாராஷ்டிராவின் 1950ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டமோ பதிவையும் தணிக்கை செய்த கணக்கையும் கேட்கிறது.

முடிவு

சபைக்குள் நடக்கும் தவறுக்கு எப்படி முகங்கொடுப்பது என்பதற்கு இந்த வரலாறு தரும் வரிசை தெளிவானது. முதலில் பாதிக்கப்பட்டவரைக் காப்பது; குற்றம் சட்டத்துக்கு உட்பட்டதானால் அன்றே காவல்துறையிடம் போவது; குற்றம் சாட்டப்பட்டவரோடு உறவில்லாதவர்களைக் கொண்டு விசாரிப்பது; உண்மையைச் சபைக்குச் சொல்வது; அதன் பின்னரே மனந்திரும்பியவரைச் சேர்த்துக்கொள்வது. சேர்க்கும்போதும் திருவிருந்துப் பந்தியில் இடம் கொடுக்கலாம். பிரசங்க பீடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை சபைக்கு இல்லை. தாவீதும் விழுந்தார் என்று சொல்லித் தலைவர்களுக்குப் பரிந்து பேசுவோர், நாத்தான் முதலில் பேசியது ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி என்பதை மறந்துவிடக் கூடாது. சபையின் நற்பெயர் மறைப்பதால் நிலைத்ததாக இந்த 480 ஆண்டுகளில் ஒரு சான்றும் இல்லை.