நீறு முதல் ஆக்சைடு வரை: ஒரு கலைச்சொல்லின் வரலாறும் வழக்கும்

இரும்பிற் படியும் துருவையும் சூளையிற் சுட்டெடுத்த சுண்ணாம்பையும் தமிழர் நெடுங்காலமாக அறிவர். ஆயினும் இவ்விரண்டையும் ஓரினமாகத் தொகுத்துக் காட்டும் பெயர் தமிழில் இருந்ததில்லை. ஆக்சிஜன் பிறிதொரு தனிமத்துடன் இணைந்து உண்டாகும் சேர்மத்தைக் குறிக்கும் 'ஆக்சைடு' என்னும் சொல்லே அவற்றை இணைக்கின்றது. அச்சொல்லின் வரலாற்றையும், மக்கள் வழக்கிற்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஆக்சைடு என்னும் பெயர் தோன்றுமுன், உலோகத்தைச் சுடும்போது எஞ்சும் பொடியை ஐரோப்பியர் 'கால்க்ஸ்' என்றனர். இது சுண்ணாம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும். சித்த மருத்துவமோ புடமிட்டு எடுத்த பொடியைப் 'பற்பம்' என்றது. இதன் மூலமாகிய வடசொல்லுக்குச் சாம்பல் என்பது பொருள். தமிழில் 'நீறு' என்பதும் அதுவே. இருபுறத்தாரும் கண்ணாற் கண்டதைக் கொண்டே பெயரிட்டனர் என்பது இதனாற் புலப்படும்.

பிரெஞ்சு அறிஞர் இலவாசியே மூடிய கலத்தினுள் வெள்ளீயத்தைச் சுட்டு நிறுத்து ஆராய்ந்தார். உலோகத்தின் எடை மிகுவதற்கு, அது காற்றின் ஒரு பகுதியைத் தன்னுள் ஏற்பதே காரணம் என அவருடைய ஆய்வுகள் நிறுவின. சுட்டு எஞ்சிய சாம்பல் எனக் கருதப்பட்டது ஒரு சேர்மம் என்பது தெளிவாயிற்று. அதனால் பழைய பெயரும் பொருந்தாதாயிற்று. கித்தோன் தெ மொர்வோ, இலவாசியே, பெர்த்தொலே, பூர்க்குருவா ஆகிய நால்வரும் 1787இல் வெளியிட்ட வேதியியற் பெயரீட்டு நூல் 'ஆக்சைடு' என்னும் பெயரை நிலைநிறுத்தியது.

அந்நூலின் பாகுபாடு இன்றைய பாகுபாட்டின் வேறானது. ஆக்சிஜன் சேர்ந்து அமிலத் தன்மை பெற்றவை அமிலங்கள். அந்நிலையை எட்டாதவை ஆக்சைடுகள். ஆக்சிஜன் என்பதற்கே 'அமிலத்தை ஆக்குவது' என்பதுதான் கிரேக்க வழிப்பொருள். இக்கருத்துப் பிழையானது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை. இதற்கான சான்றுகளை 1810இல் அம்பிரி தேவி முன்வைத்தார். கருத்து வீழ்ந்த பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது.

நம் அன்றாட வழக்கில் உள்ள 'கரியமில வாயு' என்னும் தொடரை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். கரி, அமிலம் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. 1787ஆம் ஆண்டுப் பாகுபாட்டின்படி இவ்வாயு ஆக்சைடு அன்று, அமிலம். இன்றைய வேதியியல் இதனை ஆக்சைடு என்கிறது. நீரிற் கரைந்தபோதே கார்பானிக் அமிலம் உண்டாகிறது. ஆகவே, தூய தமிழ்ப்பெயர் போலத் தோன்றும் இத்தொடர் ஐரோப்பாவின் பழைய கொள்கை ஒன்றைத் தன்னுள் பொதிந்து வைத்துள்ளது.

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் ஒரே வழியிற் செல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீனின் வேதியியல் நூல் 1875இல் 'கெமிஸ்தம்' என ஆங்கில ஒலியைத் தழுவிய பெயருடன் வெளிவந்தது. தமிழகத்தில் 'கார்பன் டை ஆக்சைடு' என்கின்றனர். இலங்கையில் 'காபனீரொட்சைட்டு' என்பர். இதிலுள்ள 'ஈர்' என்னும் தமிழ் அடை இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் காட்டுகிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 'கரிவளி', 'உயிர்வளி' என்பன வழங்குகின்றன. கரிவளி எளிய சொல்லே. எனினும், அதில் ஆக்சிஜன் கலந்துள்ளது என்பதை அச்சொல் உணர்த்துவதில்லை.

அவ்வாறாயின், வழக்குச் சொற்களையே கலைச்சொற்களாகக் கொள்ளலாமா? துரு, நீரேறிய இரும்பு ஆக்சைடு. செம்பிற் படியும் பச்சைக் களிம்போ பெரும்பாலும் கார்பனேட் வகையைச் சார்ந்தது. சுட்ட சுண்ணாம்பு ஆக்சைடு; நீரூற்றி நீற்றியபின் அது ஹைட்ராக்சைடு. வெற்றிலையோடு நாம் மெல்லுவது பின்னதையே. இரண்டிற்கும் 'சுண்ணாம்பு' என்னும் ஒரே பெயர் வழங்குகிறது. வழக்குச் சொல் பொருளின் தோற்றத்தையும் பயனையும் சுட்டும். கலைச்சொல் அதன் அமைப்பைச் சுட்டும்.

மலேசியாவில் 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரில் அறிவியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. இச்சூழலில் 'ஆக்சைடு' நம் மாணவர்க்கு ஏட்டுச் சொல்லாகவும், 'துரு' வீட்டுச் சொல்லாகவும் பிரிந்து நிற்கும் நிலை ஏற்படலாம். ஒன்றை நீக்கி மற்றொன்றை நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது. வேலியிற் படிந்த துருவைக் காட்டி ஆக்சைடைக் கற்பிப்பதும், களிம்பைக் காட்டி அது ஏன் ஆக்சைடு அன்று என வினவுவதும் தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் சேர்ந்து செய்யத்தக்க பணியாகும்.