புற்றுநோய் இடம்பரவலில் குறியாக்கமில்லா ஆர்.என்.ஏ

குறியாக்கமில்லா ஆர்.என்.ஏ என்பது டி.என்.ஏ-யிலிருந்து படியெடுக்கப்பட்டும் புரதமாக மொழிபெயர்க்கப்படாத ஆர்.என்.ஏ மூலக்கூறுகளின் பொதுப்பெயர் ஆகும். புற்றுநோய் உயிரணுக்கள் தோன்றிய இடத்தை விட்டு நீங்கி, குருதி அல்லது நிணநீர் வழியே சென்று வேறோர் உறுப்பில் புதிய கட்டியை உருவாக்குவது இடம்பரவல் எனப்படும். புற்றுநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவற்றிற்கு இடம்பரவலே காரணமாகும். இதைத் தூண்டுவதிலும் தடுப்பதிலும் குறியாக்கமில்லா ஆர்.என்.ஏ-க்கள் பங்கு கொள்கின்றன.

வகைகள்

மனித மரபணுத்தொகையில் புரதங்களுக்கான குறியீடு உள்ள பகுதி 2 விழுக்காட்டிற்கும் குறைவாகும். எஞ்சிய பகுதியிலிருந்தும் பல்லாயிரம் ஆர்.என்.ஏ-க்கள் உருவாகின்றன. இடம்பரவல் தொடர்பில் இரு வகைகள் மிகுதியாக ஆராயப்பட்டுள்ளன.

* மைக்ரோ ஆர்.என்.ஏ: ஏறத்தாழ 22 நியூக்கிளியோட்டைடுகள் நீளமுடையது. தூது ஆர்.என்.ஏ-யுடன் இணைந்து புரத உற்பத்தியைக் குறைக்கும். முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ குறித்து 1993இல் அறிவிக்கப்பட்டது. இக்கண்டுபிடிப்பிற்காக விக்டர் ஆம்புரோசு, கேரி ரவ்குன் ஆகியோர் 2024ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.
* நீள் குறியாக்கமில்லா ஆர்.என்.ஏ: 200 நியூக்கிளியோட்டைடுகளுக்கு மேற்பட்ட நீளமுடையது. புரதங்களுடன் இணைந்து மரபணுக்களின் செயற்பாட்டை மாற்றும்.

செயல்முறை

மேலணி உயிரணுக்கள் ஈ-கேட்எரின் என்னும் புரதத்தால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. செப்1, செப்2 என்னும் புரதங்கள் ஈ-கேட்எரின் உற்பத்தியைத் தடுக்கின்றன. மைக்ரோ ஆர்.என்.ஏ-200 குடும்பம் இவ்விரு புரதங்களையும் அடக்கி வைக்கிறது என 2008இல் கண்டறியப்பட்டது. இக்குடும்பத்தின் அளவு குறையும்போது ஒட்டுதல் தளர்ந்து, உயிரணுக்கள் நகரும் இயல்பைப் பெறுகின்றன.

இதற்கு மாறாக, மைக்ரோ ஆர்.என்.ஏ-10பி மார்பகப் புற்றுநோயின் ஊடுருவலைத் தூண்டுகிறது என லீ மா, இராபர்ட் வைன்பெர்க் ஆகியோரின் குழு 2007இல் காட்டியது. ஆட்டேர் என்னும் நீள் ஆர்.என்.ஏ, மரபணுக்களை அடக்கும் புரதத்தொகுதி ஒன்றைப் புதிய இடங்களுக்கு இட்டுச்சென்று மார்பகப் புற்றுநோய் பரவ உதவுகிறது என்பது 2010இல் வெளியானது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் தலைமையிலான குழு 2013இல் சுலாப்1 என்னும் நீள் ஆர்.என்.ஏ-யை விவரித்தது. புராஸ்டேட் புற்றுநோயாளர் சிலரிடம் மிகுந்து காணப்படும் இது, கட்டியை அடக்கும் புரதத்தொகுதி ஒன்றின் வேலையைக் குலைக்கிறது. இதன் அளவு மிகுந்தோரிடம் நோய் பரவும் வாய்ப்பும் மிகுதி.

மாலட்1 குறித்த முரண்பாடு

ஏறத்தாழ 8,000 நியூக்கிளியோட்டைடுகள் நீளமுடைய மாலட்1, நுரையீரல் புற்றுநோயின் இடம்பரவலை முன்னறிவிக்கும் குறியாக 2003இல் செருமனியில் இனங்காணப்பட்டது. எலிகளின் மார்பகப் புற்றுநோயில் இதை நீக்கியபோது இடம்பரவல் குறைந்தது என 2016இல் ஓர் ஆய்வு கூறியது. அதே வகை எலிகளில், வேறு முறையில் மாலட்1 மரபணுவைச் செயலிழக்கச் செய்த லீ மாவின் குழு, இடம்பரவல் கூடியதாக 2018இல் அறிவித்தது. மாலட்1-ஐ மீண்டும் சேர்த்தபோது அது குறைந்தது. ஒரே மூலக்கூறு பரவலைத் தூண்டுவதாகவும் தடுப்பதாகவும் தோன்றுவதால், அதை முடக்கும் மருந்து சிலருக்குத் தீங்காகவும் அமையலாம்.

மருத்துவப் பயன்

சிகிச்சையைவிட நோயறிதலில் இவை முன்னரே பயனுக்கு வந்தன. சிறுநீரில் பிசிஏ3 என்னும் நீள் ஆர்.என்.ஏ-யை அளக்கும் சோதனைக்கு அமெரிக்கா 2012இல் ஒப்புதல் அளித்தது. முதல் திசுச்சோதனையில் புராஸ்டேட் புற்றுநோய் காணப்படாதவர்க்கு மீண்டும் அச்சோதனை தேவையா என முடிவு செய்ய இது உதவுகிறது. இது நோயைக் கண்டறிய உதவுமேயன்றி இடம்பரவலை அளப்பதன்று.