மிட்ஜ்லியின் இரு கண்டுபிடிப்புகள்

தனியொருவர் கண்ட இரு பொருள்கள் உலகம் முழுவதன் காற்றையும் மாசுபடுத்திய வரலாறு தொமஸ் மிட்ஜ்லியினுடையது. 1889ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திற் பிறந்த இவர், கோணெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். இரசாயனத்தைப் பின்னர்த் தாமே கற்றவர். இவரைத் தீயவரென ஒரு சொல்லிற் கூறி முடித்தல் எளிது. ஆயின் அவ்விரு பொருள்களும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கன அல்ல.

மோட்டார் வண்டியின் எஞ்சினுள்ளே பெற்றோற் கலவையின் ஒரு பகுதி முறைப்படி எரியாது தானே வெடித்தலால் ‘தட்டல்’ ஓசை எழுந்தது, ஆற்றலும் வீணாயிற்று. ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்திற் சாள்ஸ் கெற்றறிங் என்பாரின் கீழ்ப் பணியாற்றிய மிட்ஜ்லி, இதற்கு மருந்து தேடி அயடீன், அனிலீன், தெலூரியம் எனப் பலவற்றைச் சோதித்தார். தெலூரியத்தின் நாற்றம் உடலையும் உடையையும் விடாது பற்றியது. ஈற்றில் 1921ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி தெத்திராஎதயில் ஈயம் என்னும் திரவம் பயன் தந்தது. ஒரு கலன் பெற்றோலுக்கு ஏறத்தாழ 3 கன சதமமீற்றர் போதுமாயிற்று.

மதுசாரத்தைக் கலப்பினும் தட்டல் அடங்கும் என்பதை மிட்ஜ்லி அறிவார்; அவரே அதனைச் செய்து காட்டியுமிருந்தார். ஆனால் யாவரும் வடிக்கத்தக்க மதுசாரத்துக்கு ஆக்கவுரிமை பெறுதல் இயலாது. ஈயம் நஞ்சென்பதோ உரோமர் காலந்தொட்டே அறியப்பட்டது. ஈயக் குழாய் நீர் தீங்கானதென விற்றுறூவியஸ் எழுதிவைத்துள்ளார். புதிய பொருள் விற்பனைக்கு வந்தபோது ‘எதில்’ என்று பெயர் பெற்றது. ஈயம் என்ற சொல் அப்பெயரில் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது.

1924ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூ ஜேர்சியின் பேய்வே சுத்திகரிப்பு ஆலையிலே தொழிலாளர் ஐவர் சித்தங் கலங்கி மாண்டனர். அம்மாதம் 30ஆம் திகதி மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன் தோன்றி, அத்திரவத்திலே கைகழுவி, அதன் ஆவியையும் முகர்ந்து காட்டினார். முந்திய ஆண்டில் ஈய நஞ்சினாலே தாமே நோயுற்று ஓய்வெடுத்தவர் அவர் என்பதை அன்று கூடியிருந்தோர் அறிந்திருப்பின் அக்காட்சி வேறு பொருள் தந்திருக்கும். 1925இல் கூடிய அரச மாநாட்டிலே ஹாவாட்டைச் சேர்ந்த அலிஸ் ஹமில்ற்றன் அம்மையார் வன்மையாக எதிர்த்துரைத்தார். ஆயினும் மறுவருடம் நிபுணர் குழு, தடைசெய்யப் போதிய காரணமில்லையென முடிவு கூறியது. பெற்றோலோடு ஈயமும் தெருக்களிலே புகையாய்ப் பரந்தது.

இரண்டாவது கண்டுபிடிப்பின் கதை வேறு. அக்காலக் குளிரேற்றிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதைற்குளோரைட்டு முதலியன வழங்கின. கசிந்தால் வீட்டார் உயிர்க்கே இறுதி. 1928இல் மிட்ஜ்லி குழுவினர் குளோரீன், புளோரீன், காபன் சேர்ந்த ஒரு வாயுவை ஆக்கினர். நஞ்சற்றது, தீப்பற்றாதது. 1930இல் அறிஞர் கூட்டமொன்றில் மிட்ஜ்லி அதனை உள்ளிழுத்து ஊதி மெழுகுதிரியை அணைத்தார். இக்காட்சியில் வஞ்சகமில்லை. ஓசோன் வானில் உண்டாகும் முறையை சிட்னி சப்மன் விளக்கியதே அவ்வாண்டிற்றான். வேறொன்றோடும் எளிதிற் சேராத அதன் நிலைபேறே அதன் சிறப்பாகப் போற்றப்பட்டது. அந்நிலைபேற்றினாலேயே அது சிதையாது மேல் வளிமண்டலம் வரை ஏறிற்று. அங்கே ஊதாக்கடந்த கதிர்பட்டுப் பிரிந்த குளோரீன் அணுக்கள் ஓசோனை அழிக்குமென மொலீனாவும் றோலண்டும் 1974இல் எடுத்துரைத்தனர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் குன்றியமை அறியப்பட்டது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. ஆபத்து உறுதிப்பட்ட ஈராண்டுக்குள் நாடுகள் இணங்கின.

ஈயத்துக்கோ அவ்விரைவு வாய்க்கவில்லை. பூமியின் வயதை அளக்கமுயன்ற கிளெயர் பற்றர்சன், தம் ஆய்வுகூடத்தின் தூசியெங்கும் ஈயமிருக்கக் கண்டு, 1965இல் அதன் பரவலை உலகுக்கு உரைத்தார். அவருக்கு எதிராக நின்றது பெருந்தொழில். ஐக்கிய அமெரிக்கா 1996இலும், இலங்கை 2002இலும், இறுதியாக அல்ஜீரியா 2021இலும் ஈயப் பெற்றோல் விற்பனையை நிறுத்தின.

மிட்ஜ்லி 1944இலே, பரிசும் பதக்கமும் பெற்றவராய் இறந்தார். அவர் இறந்த விதத்தை நீதிக்கதைபோற் சொல்வாருமுளர். வரலாற்றுக்கு அது வேண்டுவதன்று. அந்தாட்டிக்காவின் ஓசோன் 2066ஆம் ஆண்டளவிலே 1980இன் நிலையை எய்துமென 2022இன் உலக மதிப்பீடு கணித்துள்ளது. தெருவோர மண்ணிற் படிந்த ஈயமோ சிதைந்தொழியும் இயல்பினதன்று.