ஒரே ஒரு மந்திரம் வைத்திருந்தவர்களின் கதை

போன பதிவு நீளம் என்று சிலர் செல்லமாகக் கோபித்துக்கொண்டீர்கள். இதுவும் நீளம்தான். காபியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன், நண்பர்கள் நாலு பேரோடு கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தான். நடுவில் இருபது முகம் கொண்ட பகடை ஒன்று. பலகை இல்லை, காய் இல்லை. ஒரு பையன் கதை சொல்கிறான், மற்றவர்கள் கதைக்குள் இருக்கிறார்கள். பாழடைந்த அறையில் ஒரு பெட்டி. திறந்தால் விஷ ஊசி பாயுமோ என்று பயம். என் பேரன் புதிதாகக் கற்ற மந்திரவாதி. அவனிடம் இருந்தது கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரனை வரவழைக்கும் சின்ன மந்திரம். அந்த வேலைக்காரனுக்குச் சண்டை போடத் தெரியாது. துணி மடிப்பான், கதவு திறப்பான், அவ்வளவுதான். "நாங்க எல்லாரும் வெளியே போய் நிக்கிறோம். அவன் பெட்டியைத் திறக்கட்டும்" என்றான் பேரன். ஊசி காற்றில் பாய்ந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் நின்றுவிட்டேன். இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். "தெரியாது பாட்டி" என்றான். தெரியாது என்று சொன்னால் விடுகிற ஆளா நான்? இரண்டு வாரம் தேடிப் படித்தேன். படித்ததைப் பாடமாகவே சொல்கிறேன்.

கதை பிரஷ்யாவில் தொடங்குகிறது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் இராணுவ அதிகாரி, அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒரு போர் விளையாட்டை அமைத்தார். வரைபடத்தின் மேல் படைகள் நகரும். இரு தரப்பும் கட்டளையைச் சொல்ல, நடுவர் ஒருவர் பகடையையும் அட்டவணையையும் பார்த்து விளைவைச் சொல்வார். அட்டவணைகள் பெருகிப் பெருகி விளையாட்டே சலித்துப்போனது. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி, அனுபவமுள்ள நடுவர் தன் அறிவைக் கொண்டே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். இந்த இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். விதிப்புத்தகத்தில் இல்லாததை ஒருவர் செய்ய முயன்றாலும், அது நடக்குமா நடக்காதா என்று யோசித்துச் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார். பெட்டி திறந்த வேலைக்காரனுக்கு விதை இங்கேதான் விழுந்தது.

அங்கிருந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வருவோம். டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், 1880இல் டாட்டன் என்ற அமெரிக்க இராணுவ அதிகாரி எழுதிய பழைய போர் விளையாட்டு நூல் ஒன்றைப் படித்தவர். நடுவருக்கு நிறைய அதிகாரம் தரும் நூல் அது. 1969இல் நண்பர்களைக் கூட்டி அவர் ஒரு விளையாட்டு நடத்தினார். படைத் தளபதிகளோடு, ஊர்க்காரர்களாகவும் சிலருக்கு வேடம் கொடுத்தார். அவரவர் இஷ்டத்துக்குப் பேசி, ரகசியத் திட்டம் போட்டு, ஆட்டம் கலகலத்துப்போனது. தோற்றுவிட்டோம் என்று வெஸ்லி நினைத்தார். விளையாடியவர்களோ இன்னொரு முறை எப்போது என்று கேட்டு வந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னசன், இதே முறையைக் கோட்டை, நிலவறை, பூதம் என்று மாயக் கதை உலகத்துக்குக் கொண்டுபோனார்.

பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் இருந்தார். காப்பீட்டு நிறுவன வேலை 1970இல் போய்விட, வீட்டில் செருப்புத் தைத்துச் சம்பாதித்தவர். ஆர்னசனும் அவரும் சேர்ந்து எழுதியதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். முதல் அச்சு 1000 பிரதிகள்.

இப்போது நம் மந்திரவாதிக்கு வருவோம். அன்றைய விதிகளில், முதல் நிலையில் அவன் பரம ஏழை. கவசம் போட முடியாமல் இருந்தது. ஆயுதம் என்றால் குறுவாள்தான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். காலையில் படித்து மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, சொன்னவுடன் மறந்துபோனது. இந்த யோசனை ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950இல் வெளியிட்ட கதைகளிலிருந்து வந்தது. அந்த முதல் புத்தகத்தில் முதல் நிலை மந்திரங்கள் மொத்தமே எட்டு. வெளிச்சம் உண்டாக்குவது, கதவை இறுக்கிப் பிடிப்பது, தெரியாத மொழியைப் படிப்பது, எதிரியைத் தூங்க வைப்பது என்று போகும். நெருப்பு உருண்டை எல்லாம் பிற்பாடு, பெரிய ஆளான பிறகு.

கையில் இருப்பது ஒன்று, முன்னால் இருக்கும் ஆபத்து பத்து. என்ன செய்வார்கள்? யோசித்தார்கள். துரத்தி வருபவனோடு மோதாமல் நடுவில் இருக்கும் கதவைப் பூட்டிப் பிடித்தார்கள். குரலை வேறு இடத்திலிருந்து வரவைக்கும் மந்திரம் 1975இல் சேர்ந்தது. காவலாளியை எதிர்ப்பக்கம் ஓட வைக்க அது போதும். இருட்டில் விளக்காக மட்டும் இருந்த வெளிச்சத்தை எதிரியின் கண்ணில் ஏவினால் குருடாகிவிடுவான் என்பதை, 1981இல் வந்த ஆரம்பநிலைப் புத்தகத்தில் விதியாகவே எழுதிவிட்டார்கள்.

இந்தப் புத்திக்கு வைத்த கடும் தேர்வு, 1975இல் பால்டிமோரில் நடந்த மாநாட்டுக்காகக் கைகாக்ஸ் எழுதிய கல்லறைப் புதிர். 1978இல் அச்சிலும் வந்தது. அனுபவம் மிக்க பாத்திரங்களுக்கான ஆட்டம் அது. சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம், வாய் முழுக்கக் கும்மிருட்டு. உள்ளே நுழைந்தவன் இல்லாமலே போய்விடுவான். முதலில் ஒரு கழியை உள்ளே நீட்டிப் பார்த்தவன் கழியை மட்டும் இழந்தான். பெரிய மந்திரம் தெரிந்தவனும் அங்கே ஒரு கழி அளவு நிதானம் இல்லாமல் மாண்டுபோனான்.

1985இல் வந்த ஒரு நூலில் கைகாக்ஸ் முதல் நிலைக்கும் கீழான குட்டி மந்திரங்களைச் சேர்த்தார். தூசு தட்டுவது, ஈரம் உலர்த்துவது, கிழிசல் தைப்பது, உப்புப் போடுவது! அதைப் படித்தபோது சிரித்தேன். இந்த மந்திரம் எல்லாம் நாம் ஐம்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோமே.

உப்பு என்றதும் பழைய நினைவு ஒன்று வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

பல வருஷம் முன்பு ஐந்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு. 'உப்பும் மணலும் கலந்துவிட்டால் எப்படிப் பிரிப்பாய்?' என்று கேட்டிருந்தேன். கரைத்தல், வடிகட்டுதல், ஆவியாக்கல் என்ற மூன்று சொல்லும் இருக்க வேண்டும். ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: துணியில் மூட்டை கட்டி மழையில் தொங்கவிடுவேன், கீழே சட்டி வைப்பேன், மறுநாள் சட்டியை வெயிலில் வைப்பேன். நான் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, பூஜ்யம் போட்டேன். வகுப்பில் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அவன் எழுதியதில் மூன்றும் இருந்தன, குழந்தைகளே. மழை கரைக்கும், துணி வடிகட்டும், வெயில் ஆவியாக்கும். அந்த வீட்டில் இருந்தது துணியும் சட்டியும்தான். அதை வைத்துக் கணக்கை முடித்துவிட்டான். விதிப்புத்தகத்தில் இல்லாததை யோசித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நடுவர் நான். நானோ அட்டவணையைப் பார்த்தேன்.

தம்பி, நீ இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு. அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் உனக்கு. நாற்பது பேர் முன்னால் சிரிக்க வைத்தேன், அதனால் எல்லோரும் படிக்கும் இடத்திலேயே சொல்கிறேன்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். பிள்ளை புதுவழியில் ஒரு விடை சொன்னால், 'இது நடக்குமா?' என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். நான் தவறாகப் பூஜ்யம் போட்ட விடைகள் இன்னும் இருந்தால் கீழே எழுதுங்கள். பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திருத்துகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்