மந்தநிலையும் மலிவு விலையும்: டொரன்டோவின் சிறு கட்டட ஒப்பந்தக்காரர்கள்

கனடாவின் மிகப்பெரிய நகரான டொரன்டோவில் பொருளாதாரம் தளர்வடையும் போதெல்லாம் அதன் தாக்கத்தை முதலில் உணர்பவர்களில் கட்டடத் தொழிலாளர்களும் சிறு ஒப்பந்தக்காரர்களும் அடங்குவர். தச்சு வேலை, மின்பணி, குழாய் பொருத்துதல், கூரை வேலை, தரை ஓடு பதித்தல், சாயம் பூசுதல் போன்ற தொழில்களில் ஈடுபட்டுள்ள இவர்களில் கணிசமானோர் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின்னர் இலங்கையிலிருந்து வந்து ஸ்கார்பரோ, மார்க்கம் போன்ற பகுதிகளில் குடியேறிய தமிழர்களில் பலரும் இத்தொழில்களைக் கற்று, பின்னர் சொந்தமாக ஒப்பந்த வேலைகளை எடுத்துச் செய்யத் தொடங்கினர்.

மந்தநிலையின்போது இவர்களுக்கு வேலை குறைகிறது என்பது அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் கிடைக்கும் வேலையும் நட்டத்தில் முடிவதற்கான வாய்ப்பு அதிகரிப்பதும், செய்த வேலைக்கான பணம் கைக்கு வராமல் போகும் ஆபத்து கூடுவதும் அந்த அளவுக்குக் கவனிக்கப்படுவதில்லை.

மூன்று சரிவுகள்

கடந்த சுமார் நாற்பது ஆண்டுகளில் டொரன்டோவின் கட்டடத் துறை மூன்று பெரிய சரிவுகளைச் சந்தித்துள்ளது.

முதலாவது, 1990ஆம் ஆண்டு தொடங்கிய மந்தநிலை. 1980களின் பிற்பகுதியில் மளமளவென்று உயர்ந்த வீட்டு விலைகள், அதிக வட்டி வீதத்தின் அழுத்தத்தில் சரிந்தன. 1989இல் சுமார் 2 லட்சத்து 73 ஆயிரம் டாலராக இருந்த சராசரி வீட்டு விலை, 1996இல் சுமார் 1 லட்சத்து 98 ஆயிரம் டாலராக இறங்கியது. நாட்டின் பொருளாதாரம் 1992இல் மீளத் தொடங்கிய பின்னரும் டொரன்டோவின் வீட்டுச் சந்தை பல ஆண்டுகள் எழ முடியாமல் இருந்தது.

இரண்டாவது, 2008ஆம் ஆண்டின் இறுதியில் உலக நிதி நெருக்கடியைத் தொடர்ந்து வந்தது. ஒன்டாரியோ மாகாணத்தில் வேலையின்மை 2009இல் 9 சதவீதத்தைத் தாண்டியது. கனடாவின் மத்திய வங்கி அந்த ஆண்டு ஏப்ரலில் தனது வட்டி வீதத்தை 0.25 சதவீதமாகக் குறைத்தது. இதனால் வீட்டுச் சந்தை முந்தைய மந்தநிலையை விட விரைவாக மீண்டது.

மூன்றாவது சரிவு 2022க்குப் பின்னர் ஏற்பட்டது. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துவதற்காக மத்திய வங்கி, 2022 மார்ச் மாதம் 0.25 சதவீதமாக இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5 சதவீதமாக உயர்த்தியது. நாடு தழுவிய மந்தநிலை என்று இது அறிவிக்கப்படவில்லை. ஆயினும் டொரன்டோவின் அடுக்குமாடிக் குடியிருப்புத் துறையைப் பொறுத்தவரை இது மந்தநிலையாகவே அமைந்தது. ஹாமில்டனையும் உள்ளடக்கிய டொரன்டோ பெரும்பாகத்தில் 2024இல் விற்பனையான புதிய அடுக்குமாடி வீடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 4,600 மட்டுமே. 1990களின் நடுப்பகுதிக்குப் பின்னர் அதுவரை இவ்வளவு குறைந்த விற்பனை பதிவாகியிருக்கவில்லை. 2024 ஜூன் முதல் வட்டி குறைக்கப்பட்டு வந்தபோதிலும், விற்பனை உடனடியாக உயரவில்லை.

ஒருவரின் வேலையிழப்பு, மற்றவரின் போட்டி

கட்டடத் துறையில் சரிவு ஒரே நாளில் அனைவரையும் தாக்குவதில்லை. அது வேலையின் வரிசைப்படி நகர்கிறது. புதிய வீடுகள் விற்பனையாகாவிட்டால் புதிய அடித்தளங்கள் தோண்டப்படுவதில்லை. எனவே நிலம் தோண்டுபவர்களும் கான்கிரீட் வேலை செய்பவர்களும் முதலில் வேலை இழக்கின்றனர். ஏற்கனவே எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடங்களில் மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், சுவர்ப்பலகை பொருத்துபவர், சாயம் பூசுபவர் ஆகியோருக்கு மேலும் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ வேலை இருக்கும். அவை முடிந்ததும் அவர்களும் வெளியே நிற்க நேரிடுகிறது.

இவ்வாறு வெளியேறுபவர்கள் அடுத்து நாடுவது வீட்டுச் சீரமைப்புச் சந்தையை. நிலவறையைக் குடியிருப்பாக மாற்றுதல், சமையலறையைப் புதுப்பித்தல், குளியலறை அமைத்தல் போன்ற இந்த வேலைகளே சிறு ஒப்பந்தக்காரர்களின் வாழ்வாதாரம். தமிழர்களில் பலரும் அறிமுகங்கள் வழியாகவும், தமிழ் வர்த்தகக் கையேடுகளிலும் வானொலிகளிலும் செய்யும் விளம்பரங்கள் வழியாகவும் இவ்வேலைகளையே பெற்று வருகின்றனர். வேலை இழந்தவர்கள் இச்சந்தையில் நுழையும் அதே நேரத்தில், வருமானம் குறித்து அஞ்சும் வீட்டு உரிமையாளர்கள் சீரமைப்பைத் தள்ளிப்போடுகின்றனர். வேலை குறையும் தருணத்திலேயே அதற்கான போட்டியாளர்கள் பெருகுகிறார்கள்.

நட்டம் என்று தெரிந்தும் ஏற்கும் வேலை

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு நிலவறைச் சீரமைப்புக்குப் பொருட்கள் 15,000 டாலர், மின்பணிக்கும் குழாய்ப் பணிக்கும் அமர்த்தப்படுவோருக்கு 8,000 டாலர், உதவியாளர்களின் கூலி 9,000 டாலர், வாகனம், காப்புறுதி, கருவிகள், குப்பை அகற்றுதல் ஆகியவற்றுக்கு 3,000 டாலர் என வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 35,000 டாலர். ஒப்பந்தக்காரர் 40,000 டாலர் கேட்டால், பல வார உழைப்புக்காக அவருக்கு மிஞ்சுவது 5,000 டாலர்.

இதே வேலையை 34,000 டாலருக்கு முடித்துத் தருவதாக வேறொருவர் முன்வருகிறார். அந்த விலைக்கு இவரும் இணங்கினால் 1,000 டாலர் கையிலிருந்து போகும். அவ்வாறிருந்தும் பலர் இணங்குவதற்குக் காரணம், முன்பணம். முந்தைய வேலைக்கு வாங்கிய பொருட்களின் கடனை அடைக்க இந்த வேலையின் முன்பணம் தேவைப்படுகிறது. இந்த வேலையை முடிக்க அடுத்த வேலையின் முன்பணம் தேவைப்படும். ஏதாவது ஒரு கட்டத்தில் அடுத்த வேலை கிடைக்காதபோது சங்கிலி அறுபடுகிறது. பாதியில் நிற்கும் சமையலறையுடன் வீட்டு உரிமையாளரும், கூலி பெறாத உதவியாளரும், கடனாளியான ஒப்பந்தக்காரரும் எஞ்சுகின்றனர்.

மலிவின் சுமை யார் தலையில்?

விலை குறையும்போது அந்தக் குறைவு பெரும்பாலும் சங்கிலியின் கடைசியில் இருப்பவர் மீது சுமத்தப்படுகிறது. டொரன்டோ இதைப் பல முறை கண்டுள்ளது. 1960ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதி ஹாக்ஸ் ஹாலோ என்ற இடத்தில், டான் ஆற்றின் கீழ் நீர்க்குழாய்ச் சுரங்கம் அமைத்துக்கொண்டிருந்த ஐந்து இத்தாலியக் குடியேறிகள் தீ விபத்தில் சிக்கி உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து 1960, 1961ஆம் ஆண்டுகளில் வீடு கட்டும் துறையின் குடியேறித் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தங்களை நடத்தினர். துணை ஒப்பந்தக்காரர்கள் ஒருவரையொருவர் விலையில் வீழ்த்த முயன்றதும், அதனால் கூலி குறைக்கப்பட்டதும் அல்லது கொடுக்கப்படாமலே போனதும் அவர்களின் முக்கியக் குறைகளாக இருந்தன.

2009ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, நகரின் கிப்ளிங் சாலையில் உள்ள அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் மாடமுகப்புகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த தொங்கும் மேடை உடைந்து நான்கு குடியேறித் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஆறு பேர் ஏறியிருந்த அந்த மேடையில் இரண்டு பாதுகாப்புக் கயிறுகளே இருந்தன. இவ்வழக்கில் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் 7 லட்சத்து 50 ஆயிரம் டாலராக உயர்த்தியது. திட்ட மேலாளருக்கு 2016இல் மூன்றரை ஆண்டு சிறைத்தண்டனை வழங்கப்பட்டது. உயரமான இடங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒன்டாரியோவில் 2015 ஏப்ரல் முதல் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

சட்டம் தரும் பாதுகாப்பு

செய்த வேலைக்குப் பணம் பெறும் உரிமையை ஒன்டாரியோ சட்டம் 1873ஆம் ஆண்டு முதலே ஒரு தனி வழியில் பாதுகாத்து வருகிறது. பணம் பெறாத ஒப்பந்தக்காரரோ தொழிலாளரோ, தாம் வேலை செய்த சொத்தின் மீதே பற்றுரிமையைப் பதிவு செய்யலாம். அது நீங்கும் வரை அந்தச் சொத்தை விற்பதும் அடமானம் வைப்பதும் கடினமாகிவிடும். 2018 ஜூலைக்குப் பின்னர் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தங்களுக்கு, பொதுவாக 60 நாட்களுக்குள் இதைப் பதிவு செய்ய வேண்டும். முன்னர் இந்தக் காலக்கெடு 45 நாட்களாக இருந்தது.

2019 அக்டோபர் 1ஆம் தேதி முதல் பணம் வழங்குவதற்கான காலக்கெடுவும் நடைமுறைக்கு வந்தது. முறையான விலைப்பட்டியல் கிடைத்த 28 நாட்களுக்குள் உரிமையாளர் ஒப்பந்தக்காரருக்குப் பணம் தர வேண்டும். அதைப் பெற்ற ஏழு நாட்களுக்குள் ஒப்பந்தக்காரர் தமது துணை ஒப்பந்தக்காரர்களுக்குத் தர வேண்டும். தகராறு ஏற்பட்டால் நீதிமன்றத்துக்குச் செல்லாமலே நடுவர் ஒருவரிடம் விரைவான தீர்ப்பைக் கோரலாம். சிறிய தொகைகளுக்கான நீதிமன்றத்தில் கோரக்கூடிய தொகையின் உச்சவரம்பும் 2020இல் 35,000 டாலராகவும், 2025 அக்டோபரில் 50,000 டாலராகவும் உயர்த்தப்பட்டது.

இப்பாதுகாப்புகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு தேவை உண்டு. யார், எங்கே, எப்போது, என்ன விலைக்கு வேலை செய்தார் என்பதை நிரூபிக்க வேண்டும். வாய்மொழி ஒப்பந்தத்துக்கும் சட்டத்தில் மதிப்பு உண்டு என்றாலும், அதை நிரூபிப்பது எளிதல்ல. உறவினர், ஊர்க்காரர், நண்பரின் நண்பர் என்ற நம்பிக்கையில் நடைபெறும் வேலைகளில் எழுத்தில் ஏதும் இருப்பதில்லை. எழுதிக் கேட்பது அவமதிப்பாகக் கருதப்படும் என்ற தயக்கமும் இதற்கு ஒரு காரணம்.

ரொக்கமா, ரசீதா?

2010 ஜூலை முதல் ஒன்டாரியோவில் 13 சதவீத ஒருங்கிணைந்த விற்பனை வரி நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்னர் வீட்டுச் சீரமைப்பின் கூலிக்கு மாகாண விற்பனை வரி இருக்கவில்லை. 40,000 டாலர் வேலைக்கு இந்த வரி 5,200 டாலர். இதைத் தவிர்க்க ரொக்கமாகத் தருவதாகச் சொல்லும் உரிமையாளருக்கும், வேலை தேடும் ஒப்பந்தக்காரருக்கும் உடன்பாடு எளிதில் ஏற்படுகிறது. ஆனால் இது வரிச் சட்டத்தை மீறுவது மட்டுமல்ல. தகராறு ஏற்படும்போது இருவர் கையிலும் ஆதாரம் இல்லாத நிலையையும் இது உருவாக்குகிறது.

2009ஆம் ஆண்டு மந்தநிலையின்போது கனேடிய அரசு எடுத்த ஒரு நடவடிக்கை இந்தப் பழக்கத்துக்கு எதிர்த்திசையில் செயல்பட்டது. அந்த ஆண்டு ஜனவரி 27க்குப் பின்னரும் 2010 பிப்ரவரி 1க்கு முன்னரும் செய்யப்பட்ட வீட்டுச் சீரமைப்புச் செலவில், 1,000 டாலருக்கு மேல் 10,000 டாலர் வரையிலான தொகைக்கு 15 சதவீத வரிச்சலுகை அளிக்கப்பட்டது. ஒரு குடும்பம் அதிகபட்சமாக 1,350 டாலர் பெற முடிந்தது. சலுகை பெற ரசீது அவசியம் என்பதால், முறையாகக் கணக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரருக்கு அக்காலத்தில் ரசீதே வேலை பெற்றுத் தரும் கருவியாக அமைந்தது. அந்தச் சலுகை பின்னர் நீட்டிக்கப்படவில்லை.

ஆவணம் இல்லாமையின் விளைவு வேலை இழக்கும்போதும் வெளிப்படுகிறது. முறையான ஊழியராகப் பதிவு பெற்றவர், தேவையான மணிநேரம் வேலை செய்திருந்தால், அரசின் வேலைவாய்ப்புக் காப்புறுதியிலிருந்து உதவித்தொகை பெறலாம். சுயதொழில் செய்பவருக்கு வேலையின்மைக்கான உதவித்தொகை கிடையாது. 2010 முதல் அவர்கள் விரும்பினால் இத்திட்டத்தில் சேரலாம் என்றாலும், நோய், மகப்பேறு போன்ற சிறப்பு உதவிகளுக்கே அது பொருந்தும். அன்றாடம் ஒரே ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தும் சுயதொழில் செய்பவராகக் கணக்கில் காட்டப்படும் உதவியாளர், மந்தநிலையில் வெறுங்கையுடன் வீடு திரும்ப நேரிடுவது இதனால்தான்.

எஞ்சியுள்ள வாய்ப்புகள்

டொரன்டோ மாநகராட்சி 2022இல் வீட்டுத் தோட்டங்களில் சிறு குடியிருப்புகள் கட்டவும், 2023 மே மாதத்தில் ஒரே மனையில் நான்கு குடியிருப்புகள் வரை அமைக்கவும் அனுமதித்தது. 2025 ஜூனில் நகர மையப்பகுதியிலும் ஸ்கார்பரோ வடக்கிலும் இந்த எண்ணிக்கை ஆறாக உயர்த்தப்பட்டது. பெரிய கோபுரங்களைக் கட்டும் நிறுவனங்களை விட, சிறு ஒப்பந்தக்காரர்களுக்கே ஏற்ற வேலைகள் இவை. அதே நேரத்தில் இவை அனுமதிப்பத்திரம், வரைபடம், ஆய்வு ஆகியவற்றுக்கு உட்பட்டவை. மின்பணியும் குழாய்ப் பணியும் உரிய தகுதிச் சான்று பெற்றவர்களால் மட்டுமே செய்யப்பட முடியும். வாய்மொழியாலும் ரொக்கத்தாலும் மட்டும் தொழில் நடத்துபவர் இச்சந்தையில் இடம்பெறுவது கடினம்.

வட்டி வீதத்தையோ வீட்டு விலையையோ ஸ்கார்பரோவில் உள்ள ஒரு தச்சர் நிர்ணயிக்க முடியாது. தமது செலவுக்குக் கீழே விலை சொல்லாதிருப்பதும், சொன்ன விலையை எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுவதும், வேலை முடிந்த நாளைக் குறித்து வைப்பதும் அவர் கையில் உள்ளவை. நல்ல காலத்தில் இவை வீண் சடங்குகளாகத் தோன்றலாம். ஆனால் கெட்ட காலத்தில், அறுபது நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது, செய்த வேலைக்கு அவரிடம் உள்ள சாட்சி அந்த ஒரு தாளாகவே இருக்கக்கூடும்.