ஒண்ணுக்கும் உதவாத அலைகள்

1912-ல் அமெரிக்கா ஒரு வானொலிச் சட்டம் போட்டது. கப்பல்களும் கடற்படையும் பேசுகிற நீண்ட அலைகளில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வந்து குறுக்கே இரைச்சல் போடக்கூடாது. 200 மீட்டரிலும் அதற்குக் கீழேயும் என்ன வேணும்னாலும் பண்ணிக்கட்டும் என்பது ஏற்பாடு. அந்தக் குட்டை அலைகள் தொலைதூரத்துக்கு உதவாது என்பது அன்றைய நிபுணர்களின் கணக்கு.

கணக்கில் நியாயமும் இருந்தது. தரையை ஒட்டிப் போகையில் சிற்றலை சீக்கிரமே வலுவிழந்துவிடும். ஆனா வானத்தை யாரும் கணக்கில் சேர்க்கலை. 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக்கின் அக்கரையிலிருந்து சமிக்ஞை கேட்டதாக அறிவித்ததும், பூமியின் வளைவைத் தாண்டி அலை எப்படிப் போச்சு என்ற கேள்வி எழுந்தது. மறுவருஷமே கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள்: உயரத்தில் மின்சாரம் கடத்தும் ஓர் அடுக்கு இருக்க வேண்டும். அப்போதைக்கு அது ஊகம்தான்.

1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார். 200 மீட்டரை ஒட்டி அனுப்பிய இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க அமெச்சூர் நிலையங்கள் அவர் காதில் விழுந்தன. 1923 நவம்பரில், இன்னும் குட்டையாக 100 மீட்டர் பக்கத்தில், பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே அமெச்சூர்கள் இருவழியாகவே செய்தி பரிமாறினார்கள்.

அடுத்த வருஷம் ஆப்பிள்டனும் பார்னெட்டும் அடுக்கையே அளந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு போர்ன்மத் பிபிசி நிலையம் அலைநீளத்தை மெல்ல மாற்ற, ஆக்ஸ்ஃபோர்டில் சமிக்ஞை ஏறி இறங்கியது. நேராக வந்த அலையும் மேலே போய்த் திரும்பிய அலையும் சேர்ந்தும் முரண்டியும் போட்ட ஆட்டம் அது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணிக் கிடைத்த உயரம் சுமார் 100 கி.மீ. இதற்காக ஆப்பிள்டனுக்கு 1947-ல் நோபல்.

சிற்றலை ஜெயித்த காரணம் இதுதான்: பகலில் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். அதிர்வெண் கூடக்கூட இந்த இழப்பு குறையும். அதனால் சிற்றலை கீழடுக்கைக் கடந்து, மேலடுக்கில் வளைந்து, ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி இறங்குது.

பயன் தெரிஞ்சதும் எல்லாருக்கும் அது வேணும். 1927 வாஷிங்டன் மாநாட்டில் சிற்றலைகளைப் பங்கு போட்டபோது, அமெச்சூர்களுக்குச் சில குறுகிய பட்டைகளே மிஞ்சின.