படம் எடுத்து வையுங்க, பேரையும் எழுதி வையுங்க



போன சனிக்கிழமை கோயில் ஸ்டோரைக் கழுவும்போது கூட இருந்த ஒரு தம்பி கேட்டான். "அண்ணே, இந்தக் கோயில் கட்டுறதுக்கு முன்னாடி பழைய கோயில் எப்படி இருந்துச்சு? படம் இருக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. தகரக் கூரை, பலகைச் சுவர், பின்னால் பெரிய மரம், அதன் அடியில் சூலம். மனசுக்குள்ள எல்லாம் இருக்கு, காட்டுவதற்கு ஒரு படம் இல்லை. அடிக்கல் நாட்டியது, மாலை போட்டது, புதுக் கோபுரம் எல்லாத்துக்கும் படம் இருக்கு. பழைய கொட்டகையை இடிச்ச அன்னைக்குச் சுத்தியல் பிடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். கேமரா கையிலதான் இருந்தது. "பழசுதானே" என்று விட்டுட்டோம்.

மெஷினைக் கழற்றுவதற்கு முன்னால் நாலு பக்கமும் படம் எடுடா என்று ஃபேக்டரியில் பசங்களைத் திட்டுற சூப்பர்வைசர் நான். கோயில் விஷயத்தில் எனக்கே அது தோணவில்லை. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம பண்டார் பாரு கெடாவின் தெற்குக் கோடி. கிரியான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார், மேற்கே போனால் பினாங்கைச் சேர்ந்த நிபோங் திபால். மூன்று மாநிலமும் தொட்டுக்கொள்கிற இடம். 1909ல் பாங்காக் ஒப்பந்தம் ஆகும்வரை கெடா சயாமின் கீழ் இருந்தது, எதிர்க்கரையில் வெள்ளைக்காரன் ஆட்சி. ஒரு ஆறுதான் இடையில்.

அதற்குப் பிறகு ரப்பர் தோட்டங்கள் பெருகின. 1907ல் தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, அதில் கப்பல் செலவு கொடுத்து ஆள் கொண்டு வந்தார்கள். 1910ல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938 வரை ஓடியது. அந்த வருஷம் இந்திய அரசாங்கமே கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அப்படி வந்த நம்ம தாத்தா பாட்டிகள் லயத்துக்குப் பக்கத்தில் அம்மனை வைத்தார்கள், தோட்டத்து எல்லையில் முனீஸ்வரரை வைத்தார்கள். பெரட்டுக் களம், பால் ஸ்டோர், ஆயாக் கொட்டகை, தமிழ்ப் பள்ளி, கோயில். இவ்வளவுதான் அவர்கள் உலகம்.

அந்த உலகத்தைப் படம் எடுத்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். 1862ல் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பினாங்குக்கு வந்து பத்து மாசம் போல் தங்கிப் படம் எடுத்தார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, உடனே இருட்டில் வைத்துக் கழுவ வேண்டும். அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்து, படம் அச்சுப் போடக் கற்றுக்கொண்டவர்கள் இரண்டு மதராஸ்காரர்கள். 1875ல் வெளிவந்த அவர் புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். கேமரா நமக்குப் புதுசு இல்லை பாருங்க. ஆனால் "மதராஸ்காரர்கள்" என்பதோடு சரி. அப்புறம் வந்த தோட்டப் படங்களிலும் இதே கதைதான். துரைக்குப் பேர் போட்டிருக்கும், பால்வாளியோடு நிற்கிற நம்ம ஆட்களுக்குப் பேர் இருக்காது.

இன்னொரு சம்பவம் நம்ம கெடாவிலேயே நடந்தது. பூஜாங் பள்ளத்தாக்கு எல்லோருக்கும் தெரியும். ராஜேந்திர சோழன் 1025ல் படை அனுப்பிய கடாரம் அந்தப் பக்கம்தான். 1936, 37ல் குவாரிச் வேல்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் மனைவியும் அங்கே தோண்டி, கிடைத்த இடங்களுக்கு வரிசையா எண் கொடுத்தார்கள். அளந்து, வரைந்து, படம் எடுத்து 1940ல் வெளியிட்டார்கள். புக்கிட் பத்து பகாட் சண்டி 1960 வாக்கில் மறுபடி அடுக்கி நிறுத்தப்பட்டது. 1980ல் மெர்போக்கில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே பஸ் போகுது, பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள், எல்லோரும் படம் எடுக்கிறார்கள்.

ஆனால் சுங்கை பத்தில் தனியார் நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி? வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தும்போது அதையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். 2013 டிசம்பரில்தான் விஷயம் வெளியே வந்து நாடே பேசியது. ஆயிரம் வருஷத்துக் கல், எண் போட்ட இடம், நிபுணர்கள் அறிந்த இடம், அதுக்கே இந்தக் கதி.

நம்ம தோட்டத்து முனீஸ்வரர் மேடைக்கு யார் எண் கொடுத்தார்கள்?

ரப்பரை வெட்டி செம்பனை போட்டார்கள், சனங்கள் தாமானுக்குப் போய்விட்டார்கள், லயத்தை இடித்தார்கள். பல இடத்தில் செம்பனைக்கு நடுவில் கோயில் மட்டும் தனியா நிற்குது. நிலம் கை மாறும்போது முதல் கேள்வியே "இந்தக் கோயில் எத்தனை வருஷமா இருக்கு?" என்பதுதான். "எங்க பாட்டி சொன்னாங்க" என்றால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். படம் நிலப் பட்டா ஆகாது, உண்மைதான். ஆனால் தேதியும் பேரும் உள்ள ஒரு பழைய படம் மேசையில் வைத்துப் பேச ஒரு ஆதாரம்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான்.

கைப்பேசி எல்லோரிடமும் இருக்கு. கோபுரத்தை மட்டும் எடுக்காதீங்க. பழைய கிணறு, லயத்துப் படிக்கட்டு, பால் ஸ்டோர் சுவர், வேலியோரத்து நாகக் கல், ஆற்றங்கரையில் கரகம் எடுக்கிற இடம், இதையெல்லாம் எடுங்க. முதலில் தூரத்தில் இருந்து, பாதையும் மரமும் தெரிகிற மாதிரி ஒன்று. அப்புறம் கிட்டப் போய் ஒன்று. அளவு தெரிய ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்துங்க. தேதி, தோட்டத்தின் பேர், எத்தனையாவது கட்டை, நிற்பவர் பேர் எல்லாம் எழுதி வையுங்க. கருவறைக்குள் வேண்டாம், அது நம்ம வழக்கம்.

வீட்டு ஆல்பத்தில் பழைய கல்யாணப் படம், தீமிதிப் படம் இருந்தால் அதன் பின்னணியைப் பாருங்க. கோயில் ஒரு ஓரத்தில் தெரியலாம். ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதீங்க, வெளிச்சத்தில் வைத்து அப்படியே கைப்பேசியில் எடுங்க. பின்பக்கம் எழுதுவதென்றால் பேனா வேண்டாம், பென்சிலால் மெதுவா எழுதுங்க.

வர வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து அன்னதான மண்டபத்தில் இருப்பேன். படத்தோடு வாங்க, பெரியவர்களையும் கூட்டிட்டு வாங்க. படத்தில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிடுவோம். பழைய கோயிலின் படம் யாரிடமாவது ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், அந்தத் தம்பிக்கு நான் பதில் சொல்லணும்.

அம்மன் துணை.